பொட்டில் படாத பச்சைக் கோடு

காப்பித் தகர டப்பாவைக் கவிழ்த்ததும் மேசைமேல் ஒரு கைத்துப்பாக்கி விழுந்தது. அதாவது, போன சனிக்கிழமை வரை அது கைத்துப்பாக்கியாக இருந்தது. இப்போது தோட்டா போடும் உருளையில் பாதியைக் காணோம். மேல்பட்டை வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து நின்றது.

"எல்லாத்தையும் பொறுக்கியாச்சா, இல்ல விரல் ஏதாவது இதுல கலந்திருக்கா?" என்று கேட்டான் வெண்டல் ப்ரூவிட்.

யாரும் சிரிக்கவில்லை. வெண்டலுக்கு அது பழக்கம்தான். தூசி உறிஞ்சும் மெஷின் விற்கப்போய், ஒரே ஒரு மெஷின் விற்று, அதையும் தன் அம்மாவுக்கே விற்று, வேலையை விட்டவன் அவன். அதற்குப் பிறகுதான் மாக்சின் ஓவர்பியின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தான். அலுவலகம் என்றால் மாக்சினின் பழைய டிரக். மழை பெய்தால் அவர் வீட்டுச் சமையலறை.

மாக்சின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அறுபத்தெட்டு வயது. துப்பறிய வருவதற்கு முன் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். மிசௌரி மலைப்பக்கத்தில் இருக்கும் இந்த ஊரில், அவருடைய பஸ்ஸில் போய் வளர்ந்த எவனும் அவரிடம் பொய் சொல்லிப் பிழைத்ததில்லை. ஏழு வயதில் பொய் சொன்னபோது அவன் மூஞ்சி எப்படிப் போனது என்று பின்புறக் கண்ணாடியில் பார்த்து வைத்திருக்கிறார்.

"தொடாம பாருங்க மிஸ் மாக்சின். இது சாட்சிப் பொருள்" என்றான் ஐரா ஃபென்ட்ரஸ்.

"சாட்சிப் பொருளைக் காப்பி டப்பாவுல போட்டவன் நீ" என்றார் மாக்சின். "வாயை மூடிட்டு டார்ச்சை இப்படிப் பிடி."

ஐரா வாரத்தில் ஐந்து நாள் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். சனிக்கிழமை மட்டும் ஷெரிஃப். ராட்டில் க்ரீக் துப்பாக்கிக் கழகத்தில் எல்லாருக்கும் அந்த வியாதி உண்டு. பல் டாக்டர், மரக்கடைக்காரர், வங்கி கேஷியர் எல்லாரும் சனிக்கிழமை வந்தால் தோல் பூட்ஸ் மாட்டி, தொப்பி வைத்து, நூற்றைம்பது வருஷம் பின்னால் போய்விடுவார்கள். இரும்புத் தகட்டைச் சுட்டு 'டங்' என்று சத்தம் வந்தால் கொள்ளைக்காரன் செத்ததாகக் கணக்கு. திங்கட்கிழமை அதே ஆட்கள் முதுகு வலி என்று லீவு போடுவார்கள்.

அதெல்லாம் போகட்டும். இந்தக் கழகத்தில் கடைத் தோட்டா வாங்கிச் சுடுகிறவனை ஆண்பிள்ளையாக மதிப்பதில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, வீட்டில் அழுத்திக் கட்டும் பிரஸ் மெஷின் வைத்து, புதிதாக வெடிமருந்து அளந்து, ஈயக் குண்டு செருகி, தன் தோட்டாவைத் தானே கட்ட வேண்டும். இரும்புத் தகடு பக்கத்திலேயே நிற்பதால் செம்புத் தோல் போர்த்திய குண்டு கூடாது. தெறித்துத் திரும்பி வரும். வெறும் ஈயம்தான். அவரவர் கூட்டின் பின்பக்கத்தில் அவரவர் நிற மையால் ஒரு கோடு போட்டுவைப்பார்கள், பொறுக்கும்போது கலந்துவிடாமல் இருக்க. ஐராவுக்குச் சிவப்பு. பல் டாக்டருக்கு இரண்டு நீலம்.

"இதுல இருக்கற பச்சை யாருதுன்னு இந்த ஊர்ல எந்தக் குழந்தையும் சொல்லும்" என்றான் ஐரா. குரலில் துக்கம் இருந்தது. அதற்கு அடியில் காலியாகப் போகும் தலைவர் நாற்காலியும் இருந்தது. "ஓரின் ஸ்ட்ரவுட். எங்க தலைவர். ஒரே கூட்டுல ரெண்டு தடவை மருந்து போட்டிருக்கார். வயசாயிடுச்சு, என்ன பண்றது. இன்னிக்குச் சாயங்காலம் கூட்டம். எல்லாரும் சாப்பாடு கொண்டுவர்றோம். சாப்பிட்டதும் அவரை நீக்கறோம்."

"அது நல்ல பழக்கம்" என்றான் வெண்டல். "வெறும் வயித்துல துரோகம் பண்ணக்கூடாது."

உருளையில் சிக்கியிருந்த பித்தளைக் கூட்டின் அடிப்பகுதியை மாக்சின் பென்சில் நுனியால் நெம்பி எடுத்தார். சில்லுச் சில்லாகக் கிழிந்திருந்தாலும் பின்பக்கம் முழுசாக இருந்தது. குறுக்கே பச்சைக் கோடு, கொஞ்சம் மங்கல். நடுவில் பொட்டு மாதிரி ப்ரைமர். துப்பாக்கியின் சுத்தியல் அந்தப் பொட்டைத் தட்டினால்தான் மருந்து பற்றும். ஒரு தடவை தட்டினால் பொட்டு செத்தது. அடுத்த தடவைக்குப் புதுப் பொட்டு வைக்க வேண்டும். இந்தப் பொட்டு நசுங்கிப் போயிருந்தாலும் பளபளவென்று சுத்தமாக இருந்தது.

மாக்சின் அதை ரொம்ப நேரம் பார்த்தார். ஐராவும் பார்த்தான். ஐரா பச்சையைப் பார்த்தான், பச்சையோடு நின்றுவிட்டான்.

"வெடிச்சதும், சுட்ட பையன் ப்ராடி என்ன சொன்னான்?" என்று கேட்டார் மாக்சின்.

"'ஓரின் குடுத்த தோட்டா'ன்னான்."

"அலறலையா?"

"அதுக்கப்புறம் அலறினான்."

டிரக்கில் ஏறியதும் வெண்டல் சொன்னான்: "பாஸ், எனக்கு ரெண்டு விரல் பிஞ்சு தொங்கினா நான் மொதல்ல அம்மாவைக் கூப்பிடுவேன். அப்புறம் கடவுளை. தயாரிச்சவர் பேரு கடைசியிலதான் வரும்."

"அதையேதான் நானும் நினைச்சேன்" என்று மாக்சின் வண்டியைக் கிளப்பினார்.

இந்த வேலையை அவர்களுக்குக் கொடுத்தவள் ஓரினின் ஒரே மகள் லோர்னா. வருகிற சனிக்கிழமை அவளுக்கும் ப்ராடிக்கும் கல்யாணம். ப்ராடியை ஓரினுக்குப் பிடிக்காது என்பது ஊருக்கே தெரியும். ஈஸ்டர் விருந்தில் ஓரின் வாங்கும் வெடிமருந்தைக் 'கிழவன் மருந்து' என்று அவன் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. இப்போது லோர்னாவுக்கு ஒரே கேள்விதான். அப்பாவுக்குக் கண் போய்விட்டதா, மனசு போய்விட்டதா? எதுவானாலும் சனிக்கிழமை தேவாலயத்தில் தன் கையைப் பிடித்து அழைத்துப்போக அவர் வர வேண்டாம், டென்வரிலிருந்து மாமா வந்தால் போதும் என்று அப்பாவின் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாள். அம்மா இல்லாத பெண். அந்த அப்பா தலைவாரிப் பின்னிவிட்டு பஸ் ஏற்றி அனுப்பியதை மாக்சின் பார்த்திருக்கிறார். அதனால் இந்த வழக்கு அவருக்குக் கொஞ்சம் கசந்தது.

ஓரின் ஸ்ட்ரவுட் தன் கார் ஷெட்டில் இருந்தார். அங்கே கார் நின்று பல வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரி ஆபரேஷன் அறைகூட அவ்வளவு சுத்தமாக இருந்து வெண்டல் பார்த்ததில்லை. மேசையில் பிரஸ், தராசு, மருந்து அளந்து கொட்டும் கருவி, ஒரே ஒரு மருந்து டப்பா.

"ஒரு டப்பாதானா?" என்றான் வெண்டல். "எங்க வீட்டு மசாலா அலமாரியே இதைவிடப் பணக்காரத்தனமா இருக்கும்."

"ரெண்டாவது டப்பா மேசைக்கு வந்தா, மூணாவதா ஆம்புலன்ஸ் வரும்" என்றார் ஓரின். பிறகு மாக்சினைப் பார்த்தார். "என் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லு. கிழவனுக்குக் கண்ணு தெரியல, தப்பு நடந்துபோச்சுன்னு. வேலை முடிஞ்சுது. வீட்டுக்குப் போ."

"போறேன். மொதல்ல ஒண்ணு பாத்துட்டுப் போறேன்."

மாக்சின் மேசையிலிருந்த ஒரு காலிக் கூட்டை எடுத்து அளவைக் கருவியின் அடியில் பிடித்து, கைப்பிடியை ஒரு தடவை இழுத்தார். கூடு முக்கால்வாசி நிரம்பியது. இன்னொரு தடவை இழுத்தார். மருந்து விளிம்பு தாண்டி வழிந்து மேசையெல்லாம் சிந்தியது.

"பால் பொங்கின மாதிரி இருக்கு பாஸ்" என்றான் வெண்டல்.

ஓரினால் அதைப் பொறுக்க முடியவில்லை. ஓடிவந்து தூரிகையால் மேசையைக் கூட்டினார். "அதுக்குத்தான்யா இதை வாங்கறது. இந்தக் கூடு பழைய காலத்துக் கூடு, வயிறு பெருசு. பொடிப்பொடியா இருக்கற மருந்தை வாங்கினா அடியில கொஞ்சூண்டு கிடக்கும். ரெண்டு தடவை விழுந்தாலும் மூணு தடவை விழுந்தாலும் சத்தமில்லாம உள்ள போயிடும். இது புசுபுசுன்னு இடத்தை அடைக்கும். தப்புப் பண்ணினா மேசையே காட்டிக்குடுத்துடும். குண்டோட எடையைப் பாரு, அந்த எடைக்குப் புத்தகத்துல என்ன போட்டிருக்கான்னு பாரு, கீழ் அளவுல ஆரம்பி. குண்டு கனத்தா மருந்து குறையணும். அதுகூடத் தெரியாத பசங்க இங்க பாதிப்பேர் கௌபாய்ன்னு—"

அவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். தான் குற்றவாளி இல்லை என்று தானே நிரூபித்துவிட்டோம் என்பது அவருக்கு உறைத்துவிட்டது. முகத்தில் அப்படி ஒரு கடுப்பு.

"அப்ப நீங்க ரெண்டு தடவை போட்டிருக்கவே முடியாதே சார்" என்றான் வெண்டல்.

"வேற மருந்தும் எப்பவாவது போடுவேன்."

"அந்த டப்பா எங்க?" என்றார் மாக்சின்.

"தீந்துபோச்சு."

"காலி டப்பா?"

"நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு."

"உன்கிட்ட நாயே இல்லையே ஓரின்."

ஓரின் தூரிகையை எடுத்து, சுத்தமான மேசையை மறுபடி கூட்டினார். எழுபது வயது மனிதர் இவ்வளவு மோசமாகப் பொய் சொல்வதைப் பார்க்க வெண்டலுக்கே கூச்சமாக இருந்தது. தூசி மெஷின் கம்பெனியில் இவரை ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார்கள்.

மாக்சின் அலமாரியிலிருந்து கட்டி முடித்த தோட்டாப் பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்தார். எல்லாத் தோட்டாவும் தலைகீழாக, பின்பக்கம் மேலே தெரிய நின்றன. வரிசைக்கு ஒரே இழுப்பாகப் பச்சைக் கோடு. பித்தளைமேலும் போயிருந்தது, நடுப் பொட்டின்மேலும் போயிருந்தது.

"கட்டி முடிச்சு, பெட்டியில அடுக்கினப்புறம்தான் கோடு போடுவ. இல்லையா?"

"ஆமா."

"அடுத்த தடவை கட்டறதுக்கு முன்னாடி கூட்டையெல்லாம் உருட்டிக் கழுவுவ. பழைய கோடு போயிடும்."

"அழுக்குக் கூட்டுல கட்டறதுக்கு நான் என்ன ஐராவா?"

மாக்சின் கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்திருந்த வெடித்த கூட்டை அவர் முன்னால் நீட்டினார். "இதுல கோடு மங்கிப்போயிருக்கு. பொட்டுல மட்டும் கோடே இல்ல, பளிச்சுன்னு இருக்கு. நீ சுட்டுப் போட்ட கூட்டை எவரோ பொறுக்கி, கழுவாம, புதுப் பொட்டு வச்சுக் கட்டியிருக்காங்க. கூடு உன்னுது. குண்டும் உன்னுதா இருக்கும். நீ ஈயம் உருக்கி வார்த்து ஊருக்கே தானம் பண்றவன். ஆனா தோட்டா உன்னுது இல்ல."

ஓரின் அந்தக் கூட்டின் பக்கம் திரும்பவே இல்லை.

"நீ பாக்கக்கூட இல்ல" என்றார் மாக்சின் மெதுவாக. "அன்னிக்கே பாத்துட்ட."

"வெளிய போ மாக்சின்."

வெண்டல் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். "ப்ராடிதான் பாஸ். சந்தேகமே இல்ல. இன்டர்நெட்ல ரெண்டு வீடியோ பாத்திருப்பான். மாமனாரைவிடப் பெரிய ஆளாகணும்னு வீட்டுல பிரஸ் வாங்கிப் போட்டிருப்பான். கை வெடிச்சதும் பழியைத் தூக்கிப் பெரியவர் தலையில போட்டுட்டான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதை."

"அப்ப ஓரின் எதுக்கு அதைத் தலையில வச்சுட்டு நிக்கிறார்?"

வெண்டல் யோசித்தான். "பாரம் தூக்கப் பிடிக்குமோ என்னவோ" என்றான், கொஞ்சம் சுரத்து குறைந்து.

ப்ராடி டல்சா நகரத்திலிருந்து வந்தவன். செல்போன் கோபுரங்களில் ஏறி ரிப்பேர் செய்கிற வேலை. வலது கை முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது. இரண்டு விரலைத் தைத்துச் சேர்த்திருக்கிறார்கள். ஒட்டுமா என்று டாக்டருக்கும் தெரியாது. வாடகை வீட்டுச் சமையலறையில், ரொட்டி சுடும் மெஷினுக்குப் பக்கத்தில், வெண்டல் சொன்னது போலவே ஒரு புத்தம் புது பிரஸ் நின்றது. வெண்டல் ஜோசியக்காரன் போல மாக்சினைப் பார்த்தான்.

"அன்னிக்குச் சுட்ட பெட்டியில மீதி இருக்குமே" என்றார் மாக்சின். "எங்க அது?"

ப்ராடி தயங்கினான். "வண்டியில கிடந்தது. மிஸ்டர் ஸ்ட்ரவுட்தான் மூடி எடுத்துட்டு வந்து வச்சார். ஒரு வார்த்தை பேசல."

பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். மாக்சின் மூடியைத் திறந்தார். உள்ளே எல்லாத் தோட்டாவும் பின்பக்கம் மேலே தெரிய நின்றன. ஒவ்வொன்றிலும் மங்கிய பச்சைக் கோடு, நடுவில் கோடு படாத புதுப் பொட்டு.

"இது ஓரின் குடுத்த பெட்டியா?"

"ஆமா."

"உன் மூஞ்சி என் பஸ்ல வரலயேன்னு பாக்கறேன் தம்பி. வந்திருந்தா இப்ப முன்சீட்டுல உக்காத்தி வச்சிருப்பேன்."

பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் குண்டைக் கழற்றும் சுத்தியல் இருந்தது. உள்ளீடற்ற பிளாஸ்டிக் தலை. தோட்டாவை அதற்குள் மாட்டித் தரையில் தட்டினால் குண்டும் மருந்தும் தனியாக வந்துவிடும். மாக்சின் வரிசையாக நாலைந்தைக் கழற்றினார். பொடிப்பொடியாகச் சாம்பல் நிற மருந்து. ஓரினின் புசுபுசு மருந்துக்கும் இதற்கும் உறவே இல்லை. ஒவ்வொன்றின் மருந்தையும் ப்ராடியின் தராசில் வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒரே அளவு, புத்தகத்தில் சொன்ன அளவு. ஒன்றின் மருந்தை மட்டும் திரும்பக் கூட்டுக்குள் கொட்டி வெண்டலிடம் நீட்டினார்.

வெண்டல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தான். "இவ்வளவுதானா? அடியில ஒட்டிட்டுக் கிடக்கு. குறையுற மாதிரி இருக்கே பாஸ். இன்னொரு தடவை போட வேண்டாமா?"

மாக்சின் அவனையே பார்த்தார். அந்தப் பார்வை வெண்டலுக்குப் பிடிக்கவில்லை.

"நான் ஏதாவது புத்திசாலித்தனமாச் சொல்லிட்டேனா?"

"தெரியாம சொல்லிட்ட." அவர் கழற்றாத தோட்டா சிலவற்றைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் உருட்டிவிட்டார். "ப்ராடி, இதைத் திரும்பப் பெட்டியில வை."

ப்ராடி இடது கையால் எடுத்து எடுத்து வைத்தான். ஈயக் குண்டு மேலே தெரிய, பின்பக்கம் கீழே போக, ஒவ்வொன்றாக. ஓரின் அடுக்குவதற்கு நேர் எதிர். வைத்து முடித்த பிறகுதான், பெட்டியில் மற்றவையெல்லாம் தலைகீழாக நிற்பதும் தான் வைத்தவை மட்டும் முட்டாள் மாதிரி நிமிர்ந்து நிற்பதும் அவன் கண்ணில் பட்டது.

"கட்டினது உன் மேசையில. உன் மருந்துல. ஆனா அடுக்கின கை ஓரின்கிட்ட பழகின கை" என்றார் மாக்சின். "ஓரின் இந்த வாசப்படி மிதிக்கமாட்டார். அவர்கிட்ட இந்த வேலையைக் கத்துக்கிட்டது உலகத்துல இன்னும் ஒரே ஒரு ஆள்தான் இருக்கு."

வெண்டலின் ஜோசியக்கார முகம் கழன்று விழுந்தது.

ப்ராடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "லோர்னாகிட்ட சொல்லாதீங்க மேடம். உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். எனக்கு நேரமில்லன்னு அவளே ஆசையா உக்காந்து கட்டிக்குடுத்தா. குண்டு செருகறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை டார்ச் அடிச்சு எல்லாக் கூட்டையும் பாத்திருக்கணும். பாக்கல. ஓரின் பொண்ணு கட்டினதை நான் என்ன பாக்கறதுன்னு விட்டுட்டேன். வெடிச்சதும் பாத்தா, வேடிக்கை பாக்கறவங்களுக்குக் கட்டின கயித்துக்கு அந்தப் பக்கம் அவ நிக்கிறா. அடுத்த நிமிஷம் அவளுக்குத் தெரிஞ்சுடும். அதான் வாயில மொதல்ல வந்த பேரைச் சொன்னேன். என் வாழ்க்கையில அவ்வளவு வேகமா நான் எதையும் யோசிச்சதில்ல."

"ஓரின்கிட்ட இதைப் பத்திப் பேசினியா?"

"அவர்தான் என்கிட்ட பேசறதே இல்லையே."

"அவரும் அந்தப் பெட்டியைத் திறந்து பாத்திருக்கார் தம்பி. பாத்துட்டு, மூடிட்டு, உன் பொய்யை அப்படியே வாங்கிட்டுப் போயிட்டார்."

ஈஸ்டரிலிருந்து ஒரு மருந்து டப்பா விஷயத்தில் ஒத்துப்போக முடியாத இரண்டு பேர், ஒரு வார்த்தை பேசாமல் ஒரே பொய்யில் ஒத்துப்போயிருக்கிறார்கள். ராட்டில் க்ரீக்கில் இதைவிட ஒற்றுமையான குடும்பம் கிடையாது என்று வெண்டலுக்குத் தோன்றியது.

டிரக்கில் அவன்தான் கேட்டான். "சொல்லாம விட்டா என்ன பாஸ்? பெரியவருக்கு வயசாச்சு, கை தவறிடுச்சுன்னு முடிச்சுடலாம். போலீஸே விபத்துன்னு எழுதிட்டாங்க. எல்லாரும் அதைத்தானே விரும்பறாங்க."

"அவளைக் காப்பாத்தறோம்னு ரெண்டு பேரும் சேந்து அவ அப்பனை அவகிட்டயிருந்து பிடுங்கிட்டாங்க. அது வேணுமா வேண்டாமான்னு அவளை யாராவது கேட்டாங்களா?"

கழகத்து வாசலில் வண்டிகள் நிறைந்திருந்தன. உள்ளேயிருந்து மான்கறியும் சோளரொட்டியும் மணந்தது. லோர்னா தன் காருக்குப் பக்கத்தில் கையில் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தோடு நின்றாள். அப்பாவை நீக்கும் கூட்டத்துக்கும் பீன்ஸ் கறி செய்து கொண்டுவந்திருந்தாள். இந்த ஊரில் வெறும் கையோடு யாரும் எங்கேயும் போவதில்லை.

"தெரிஞ்சுதா மிஸ் மாக்சின்? கண்ணா, மனசா?"

"ரெண்டும் இல்ல. அந்தத் தோட்டாவை உங்க அப்பா கட்டல." மாக்சின் அவள் பக்கத்தில் போய் நின்றார். "லோர்னா, ப்ராடி மேசையில நீ ஒரு பெட்டி கட்டினியே. முதல் கூட்டுல மருந்து கம்மியாத் தெரிஞ்சுதா?"

"ஆமா. அடியில கொஞ்சம்தான் கிடந்தது. அப்பாகிட்ட கட்டும்போது முக்கால்வாசி வரும். அதனால கருவி சரியா விழலைன்னு இன்னொரு தடவை இழுத்தேன். ரெண்டாவது கூட்டுலயும் அவ்வளவுதான் விழுந்துச்சு. அப்பதான் மருந்தே வேற, இதுக்கு அளவு அவ்வளவுதான்னு புரிஞ்சுது."

"அப்ப முதல் கூட்டைக் கொட்டிட்டு மறுபடி போட்டியா?"

"போட்டேனே. இல்ல, போடணும்னு நினைச்சேன். அப்ப கேக் கடைக்காரி போன் பண்ணினா, எத்தனை அடுக்குன்னு கேட்டு..."

 பாத்திரத்தைக் காரின்மேல் வைத்தாள். வைத்த கையை எடுக்கவே இல்லை. "என் பெட்டியை இன்னும் பிரிக்கல, இது எங்க அப்பா குடுத்ததுன்னு ப்ராடி சொன்னானே" என்றாள். பிறகு, "அப்பாவும் ஆமான்னாரே" என்றாள். அதைச் சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. மாக்சினைத் தாண்டி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே ஓரின் எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஐரா நெற்றியில் துக்கத்தை அப்பிக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"ஒத்துக்கறேன்" என்று ஓரின் சொல்லிக்கொண்டிருந்தார். "கண்ணு சரியில்ல. ரெண்டு தடவை போட்டுட்டேன். நீங்க என்ன முடிவு பண்ணினாலும் சரி."

"உக்காருங்கப்பா" என்றாள் லோர்னா. "அதைக் கட்டினது நான். ரெண்டு தடவை மருந்து போட்டதும் நான்தான்."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் ஓரின் சபையைப் பார்த்து. "அப்பனைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றா."

பின்வரிசையிலிருந்து ப்ராடி கட்டுப் போட்ட கையைத் தூக்கினான். "ரெண்டு பேரும் சொல்றது பொய். கட்டினது நான்தான்."

அந்தக் கழகம் தொடங்கிய நாளிலிருந்து அங்கே எவனும் தன் தப்பை ஒத்துக்கொண்டதில்லை. துப்பாக்கிக் கம்பெனி சரியில்லை, காற்றில் ஈரம், புத்தகம் எழுதினவன் கோழை, இப்படித்தான் எல்லா விபத்தும் அங்கே முடிந்திருக்கிறது. இப்போது ஒரே தோட்டாவுக்கு மூன்று பேர் சண்டை போட்டார்கள். ஐராவுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

"இப்ப யாரை நீக்கறதுக்குக் கை தூக்கணும்?" என்று பல் டாக்டர் கேட்டார்.

"சும்மா இருய்யா" என்றான் ஐரா.

லோர்னா அப்பாவின் முன்னால் போய் நின்றாள். "உங்களை என்னெல்லாம் சொன்னேன். கண்ணு போச்சுன்னேன். வேணும்னே செஞ்சீங்களான்னு கேட்டேன். என் பிள்ளைங்களை உங்க வீட்டுப் பக்கம் விடமாட்டேன்னேன். ஏன்ப்பா சும்மா நின்னீங்க?"

ஓரின் எங்கேயோ பார்த்தார். "நீ திட்டினா எனக்கு ஒரு வாரம் தூக்கம் வராது. அவ்வளவுதான். இது தெரிஞ்சா உனக்கு எத்தனை வருஷம் தூக்கம் வராதுன்னு நினைச்சேன்."

"நானும் அதேதான் நினைச்சேன் மிஸ்டர் ஸ்ட்ரவுட்" என்றான் ப்ராடி.

"உன்னை யாரும் கேக்கல" என்றார் ஓரின். ஈஸ்டருக்குப் பிறகு வருங்கால மருமகனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. கொஞ்சம் கழித்து, "விரல் ஒட்டுமாமா?" என்று கேட்டார்.

"தெரியல சார்."

லோர்னா அழுதுகொண்டே ப்ராடியின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். அந்தப் பக்கம் போகவும் முடியாமல், இந்தப் பக்கம் நிற்கவும் முடியாமல் கொஞ்ச நேரம் தவித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் திரும்பினாள்.

"டென்வர் மாமாவை வரவேண்டாம்னு சொல்லிடறேன். சனிக்கிழமை நீங்கதான் என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். உங்க கை நடுங்கினாலும் பரவாயில்ல."

"என் கை என்னிக்கு நடுங்கியிருக்கு?" என்றார் ஓரின். அவள் அந்தக் கையைப் பிடித்தாள். அது நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.